மழை நாளாகப் பார்த்து

யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் அன்றைக்கு அடித்த வெயிலை முதலில் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளே. அந்த வெயிலை நம்பித்தான் மருதாயி மலையை விட்டு இறங்கினாள்.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள் அவள். தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு ரயிலடிக்கு இறங்குகிற மாட்டுக் கரத்தையில், பெட்டிகளுக்கு நடுவே ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்து வந்தாள். விடிந்து புறப்படும்போது மலையில் மூட்டம். கரத்தையை இழுக்கிற மாட்டின் வால் தெரிகிறது, கொம்பு தெரியவில்லை. இறங்க இறங்க மூட்டம் கிழிந்துகொண்டே போனது. யட்டியாந்தோட்டைக்குள் கரத்தை நுழைந்தபோது ஊரே வெளுத்துக் காய்ந்துகொண்டிருந்தது. தகரக் கூரைகள் கண்ணைக் கூசவைத்தன. கடை வாசல்களில் மிளகாயும் கருவாடும் பாக்கும் சாக்கில் பரப்பிக் கிடந்தன. ரயிலடியில் ஆட்கள் பெட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். ஒருவன் இறக்க, ஒருவன் ஏற்ற, ஒருவன் சத்தம் போட, நின்று பேச அந்த ஊரில் யாருக்கும் நேரம் இருப்பதாகத் தெரியவில்லை.

கரத்தைக்கார அப்புஹாமி மாட்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்:

“அக்கே, மூணு மணி. இந்த மரம் கிட்ட. பரக்கு வென்ன எபா.”

“பிந்த மாட்டேங்க. மூணு மணிக்கு இங்கனயே நிப்பேன்.”

“தங்கச்சி சோறு குடுத்தா நீ மறந்து போறது.”

“சோறு வேணாங்க. மொகத்தக் குடுத்தாப் போதும்,” என்றாள் மருதாயி. அப்புஹாமிக்குத் தமிழ் அரைகுறைதான். ஆனாலும் அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அடுத்த வியாழக்கிழமை, பெரிய கங்காணி இந்தியாவுக்குப் போகிற ஆட்களைக் கூட்டிக்கொண்டு புறப்படுகிறார். தலைமன்னாரில் கப்பல். அந்தக் கூட்டத்தில் மருதாயியும் பெயர் கொடுத்திருந்தாள். புருசன் போன வருசம் காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை இல்லை. பத்து வயதில் இந்தத் தீவுக்கு வந்தவளுக்குச் சொந்த ஊர் என்றால் ஒரு கிணற்றடி ஞாபகம், அந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு கழுதை கட்டியிருந்த ஞாபகம். அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் சொல்ல ஒரு பெயர் இல்லை. இருந்தாலும், சாயங்காலம் காம்பராக் கதவைத் திறந்தால் அடுப்பு காலையில் விட்ட சாம்பலோடு அப்படியே இருக்கும் பாருங்கள், அதைப் பார்க்க மாட்டாமல் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

இந்தத் தீவில் அவளுக்கென்று மிச்சம் இருந்தது ஒரே ஒருத்தி. கூடப் பிறந்த தங்கை மூக்காயி. அவள் வாயால் ‘இரு அக்கா’ என்று ஒரு வார்த்தை சொன்னால், பெயரை வெட்டச் சொல்லிவிட்டு இங்கேயே இருந்துவிடலாம். சொல்லாவிட்டால் கப்பல். அதைக் கேட்கத்தான் ஒரு நாள் லீவு கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்தாள்.

சொல்ல மாட்டாள் என்றுதான் நினைத்திருந்தாள். அதற்கும் காரணம் இருந்தது.

மூக்காயி பதினாறு வயதில் ஏழுமலைக்கு வாழ்க்கைப்பட்டு, யட்டியாந்தோட்டைக்குப் பக்கத்தில் ஆற்றோரமாக இருந்த இறப்பர்த் தோட்டத்துக்குப் போனவள். பன்னிரண்டு வருசம் ஆகிறது. முதலில் தீபாவளிக்கு வந்தாள். பிறகு பிள்ளை பிறந்தது. பிறகு இன்னொன்று. பிறகு வரவில்லை. இரண்டு வருசத்துக்கு முன்னால், தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயங்களுக்குத் துணி மூட்டை சுமந்து வருகிற நுஹ்மான் நானாவிடம் மருதாயி சொல்லி அனுப்பினாள். அவருக்கு வீடும் கடையும் யட்டியாந்தோட்டையில்தான்.

“தங்கச்சியப் பாக்கணும் போல இருக்கு நானா. எப்ப வரலாம்னு கேட்டுக்கிட்டு வாங்க.”

அடுத்த மாதம் அவர் மூட்டையை இறக்கி, வியர்வையைத் துடைத்து, பதிலைச் சொன்னார்:

“மழை நாளாப் பாத்து வரச் சென்னா.”

மருதாயிக்கு முகம் சுண்டிவிட்டது. தேயிலைக் காட்டில் மழை என்று வேலை நிற்காது, பிள்ளைகளே. கம்பளியைத் தலையில் போட்டு, இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, அட்டை காலில் ஏற ஏறப் பறிக்க வேண்டும். மழையில்தான் கொழுந்து தள்ளும். அந்த நாளில் லீவு கேட்டால் கணக்கப்பிள்ளையின் வாயில் வருவதைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. பாதை சரியும். ஓடை ஏறும். கரத்தை இறங்காது. அப்படிப்பட்ட நாளைப் பார்த்து வா என்று ஒருத்தி சொல்லி அனுப்பினால் என்ன அர்த்தம்? வராதே என்பதை நேராகச் சொல்ல மனமில்லாமல் சுற்றிச் சொல்லியிருக்கிறாள். மருதாயி அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

“நான் என்ன செல்லட்டும் புள்ள?” என்று நுஹ்மான் நானா கேட்டார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “சரின்னு சொல்லுங்க.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நுஹ்மான் நானா முழங்கால் நோவென்று மலை ஏறுவதை விட்டுவிட்டார். மருதாயியும் வேறு யாரிடமும் சொல்லி அனுப்பவில்லை. புருசன் செத்ததற்குக்கூடச் சொல்லி அனுப்பவில்லை.

இப்போது, மூன்று நாளாக மழை விட்டுக் காய்ந்த ஒரு செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து வந்திருந்தாள். மழை நாளில் வரச் சொன்னாய், நான் வெயிலில் வந்து நிற்கிறேன், இப்போது சொல் என்று கேட்பதாக உத்தேசம். கடைவீதியில் மிட்டாய் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். தோட்டத்துக்கு வழி கேட்டாள். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை அடித்துக்கொண்டிருந்த மனிதன் சுத்தியலை நிறுத்தாமலே கையைக் காட்டினான்.

ஆற்றைத் தாண்டி இறப்பர் மரங்களுக்குள் போனதும் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. மரங்கள் கோடு போட்டாற்போல வரிசையாக நின்றன. ஒவ்வொரு மரத்திலும் சரிவாக ஒரு வெட்டு, வெட்டுக்குக் கீழே ஒரு சிரட்டை, சிரட்டையில் சொட்டுச் சொட்டாகப் பால். வெட்டியவர்களைக் காணவில்லை. எங்கோ தூரத்தில் அடுத்த மரத்துக்கு, அதற்கும் அடுத்த மரத்துக்கு என்று போய்விட்டிருந்தார்கள். பின்னால் ‘பட்’ என்று ஒரு சத்தம். யாரோ கல்லெறிகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. இன்னொரு ‘பட்’. வெயில் ஏற ஏற மரத்து மேலே காய்கள் வெடித்துக் கொட்டை சிதறிக்கொண்டிருந்தது. தேயிலைக் காட்டில் கொழுந்து பறிக்கிற இடத்தில் எப்போதும் பேச்சுச் சத்தம் கேட்கும், யாராவது யாரையாவது ஏசிக்கொண்டிருப்பார்கள். இங்கே ஆள் ஒரு மரம், மரம் ஒரு ஆள். இதற்குள் பன்னிரண்டு வருசம் எப்படிப் பேசாமல் இருந்தாள் அந்த வாயாடி என்று நினைத்துக்கொண்டு நடந்தாள்.

லயத்தில் பன்னிரண்டு காம்பரா. பன்னிரண்டு கதவும் சாத்தியிருந்தது. கொடியில் துணி காய்ந்தது. ஒரு கோழி அடைக்கு இடம் தேடி அலைந்தது. கடைசிக் காம்பரா வாசலில் மட்டும் ஒரு பெண், கட்டுப் போட்ட காலை ஒரு பலகை மேல் நீட்டிவைத்துக்கொண்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளையம்மா என்று பெயர்.

“யாரத் தேடுறீங்க?”

“மூக்காயிங்க. ஏழுமல பொஞ்சாதி. நான் அவ அக்கா மருதாயி. தேயிலத் தோட்டத்துல இருந்து வாறேன்.”

வெள்ளையம்மா சுளகைக் கீழே வைத்தாள். “மழக்கார அக்காவா?”

“என்னங்க?”

“உங்களுக்கு இங்க அதுதான் பேரு. வாங்க, உக்காருங்க. இன்னிக்கு வந்திருக்கீங்களே, இந்த வெயில்ல.”

“வெயில்லதானே வர முடியும்.”

“வெயில்ல வந்தா இங்க யாரு இருப்பா? நான் பால் வெட்டுற கத்திய கால்ல போட்டுக்கிட்டதால கெடக்கேன். இல்லன்னா அந்தக் கோழிதான் உங்கள வாங்கன்னு கூப்புட்டிருக்கும்.” அவள் சிரித்தாள். மருதாயி சிரிக்காததைக் கண்டு மெதுவாகச் சொன்னாள்: “ரப்பருல மழ பெஞ்சா வெட்டு இல்ல அக்கா. பட்ட நனைஞ்சிட்டா சிரட்டையில பாலா நிக்கும், தண்ணிதான் நிக்கும். காலையில பேர் கூப்புடுற பெரட்டுக்குப் போயி எல்லாரும் திரும்பி வந்துருவோம். பிள்ள குட்டி, புருசன், எல்லாம் லயத்துக்குள்ளதான். ஒறமொற வாறது போறது, பொண்ணு பாக்குறது எல்லாம் அன்னிக்குத்தான். நாங்க யாரக் கூப்புட்டாலும் மழ நாளாப் பாத்து வாங்கன்னுதானே கூப்புடுவோம். ஏன், உங்க பக்கம் மழைக்கு வேல நிறுத்த மாட்டாங்களா?”

“நிறுத்த மாட்டாங்க,” என்றாள் மருதாயி.

முந்தானை முடிச்சில் மிட்டாய் வெயிலுக்கு இளகி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை விரலால் பிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. மூக்காயியும் மழையிலே கம்பளிக்குள் வளர்ந்தவள்தானே, அவளுக்கு இது எப்படி மறந்து போகும் என்று ஒரு நினைப்பு வந்தது. பன்னிரண்டு வருசத்தில் மறக்காதா? மறக்கும். சுகமாக இருக்கிற நாளைத்தானே ஒருத்தி அக்காவுக்கென்று எடுத்து வைப்பாள்.

“அவ எத்தன மணிக்குத் திரும்புவா? நான் இருந்து பாத்துட்டுப் போறேன். மூணு மணி வரைக்கும் இருக்கலாம்.”

வெள்ளையம்மா காலை இறக்கி, எழுந்து நிற்கப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தாள்.

“அவ இங்க இல்ல அக்கா. சித்திரையிலயே ஏழுமல பத்துச்சீட்டு வாங்கிட்டு எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போய்ட்டான். அவன் அண்ணன் கூப்புட்டானாம், களுத்துறப் பக்கம். அங்கயும் ரப்பருதான். தோட்டம் என்ன தோட்டம்னு கேட்டு வச்சுக்கல. போன ஆள் எழுத்து அனுப்புவாங்களா, நமக்கு யாருக்குப் படிக்கத் தெரியும்.”

தோட்டம் மாறுகிறவர்களுக்குத் துரை கொடுத்து அனுப்புகிற சீட்டுத்தான் பத்துச்சீட்டு. அதை வாங்கிவிட்டால் அந்த லயத்தில் பிறகு உங்களுக்கு இடமில்லை. ஐந்தாவது காம்பராவை வெள்ளையம்மா காட்டினாள். மருதாயி போய்ப் பார்த்தாள். வேறு யாரோ குடியிருந்தார்கள், வேறு யாருடைய பூட்டோ தொங்கியது. தொட்டால் சுட்டது.

திரும்பி வந்தபோது வெள்ளையம்மா ஒரு கோப்பைக் கஞ்சி ஊற்றி வைத்திருந்தாள்.

“குடிங்க அக்கா. வெறும் வயித்தோட போனா அவ என்னய ஏசுவா. மழ பெஞ்சா பிள்ளைகள என்கிட்ட விட்டுட்டுக் கடவீதிக்குப் போயிருவா. நுஹ்மான் நானா கட தாவாரத்துல நிப்பா. உங்க பக்கத்துக் கரத்த அங்கதானே வந்து நிக்கும். நாங்க கேலி பண்ணுவோம். உங்கக்கா என்ன சக்கரக் கட்டியா, மழையில கரைஞ்சிருவாளா, வரவே மாட்டேங்குறாளேன்னு.”

“அவ என்ன சொல்லுவா?”

“சரின்னு சொல்லி அனுப்பியிருக்கு, எங்கக்கா சரின்னா சரிதான்ம்பா.”

மருதாயி கஞ்சியைக் குடித்தாள். முழுவதையும் குடித்தாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒட்டிப்போன மிட்டாயை அப்படியே வெள்ளையம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் புறப்பட்டாள்.

நுஹ்மான் நானா கடையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொன்றில் முழங்காலை நீட்டியிருந்தார். தாடி நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார்.

“மருதாயிப் புள்ளையா? ரெண்டு வருசமா மழைக்கு உங்களப் பாத்த, நீங்க வெயிலுக்கு வந்தீக்கியே.”

“நானா, நான் சரின்னு சொன்னப்ப என் மொகத்தப் பாத்தீங்கதானே?”

தெருவில் வண்டி ஒன்று போனது. அவர் அது மறையும் வரைக்கும் பார்த்துவிட்டு, முழங்காலைக் கீழே இறக்கினார்.

“பாத்த. கோவம் எண்டு வெளங்கின. எதுக்குக் கோவம் எண்டு வெளங்கல்ல. சரி எண்டு நீங்க சென்ன, சரி எண்டு நான் செல்லிட்ட. துணிய மட்டும் விரிச்சிக் காட்டுற நான், சொல்ல விரிச்சிக் காட்டல்ல. என்ட பொழதான் புள்ள.”

“உங்க பொழ இல்ல நானா. நாந்தான் சரின்னு சொன்னேன்.”

தாவாரத்தில் மூன்று மரத்தூண். நடுத்தூணில் ஆள் சாயும் உயரத்தில் சுண்ணாம்பு தேய்ந்து மரம் தெரிந்தது. கடைக்கு வருகிற எத்தனையோ பேர் சாய்ந்திருப்பார்கள். மருதாயி அதன் பக்கத்தில் போய் நின்றாள். அங்கிருந்து ரயிலடி மரமும் கரத்தை நிற்கிற இடமும் நேராகத் தெரிந்தன. அப்புஹாமி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

உள்ளே திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து நுஹ்மான் நானாவின் மனைவி ஸாஹிராவின் குரல் வந்தது. “அந்தப் புள்ள வெச்சிட்டுப் பெய்த்த சாமானக் குடுங்களே. பூச்சி அரிக்காம வேப்பில போட்டு வெச்சீக்கி.”

திரை விலகி ஒரு கை தேத்தண்ணீரையும் ஒரு பொட்டலத்தையும் நீட்டியது. நுஹ்மான் நானா பொட்டலத்தை வாங்கி மருதாயியிடம் கொடுத்தார்.

“உங்கட தங்கச்சி போற அண்டைக்குக் கொண்டு வந்து தந்தா. அக்கா மழையில நனைஞ்சு வருவா, திரும்பிப் போகக்குள்ள போத்திக்கிட்டுப் போகக் குடுங்க எண்டு.”

பழைய கம்பளி. தேயிலைக் காட்டுக் கம்பளி. அம்மா இருந்த காலத்தில், சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, மழையில் அக்காவும் தங்கையும் ஒன்றாகத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடியது. ஓரத்தில் அடுப்புப் பொறி பட்ட ஓட்டை அப்படியே இருந்தது. அந்த ஓட்டையில் இரண்டு விரலை விட்டு ஆட்டி மூக்காயி அக்காவின் காதைக் கிள்ளுவாள். மருதாயி விரலை விட்டுப் பார்த்தாள். இப்போது ஒரு விரல்தான் நுழைந்தது.

கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு, தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுக் கேட்டாள்:

“நானா, களுத்துறப் பக்கம் போற ஆள் இங்க வருவாங்களா?”

“சாமான் எடுக்க வாறவனுகள் ஈக்கி. துணிப் பொட்டணி தூக்குறவனுகளும் ஈக்கி. என்ன செல்ல?”

“ஏழுமல பொஞ்சாதி மூக்காயின்னு கேக்கச் சொல்லுங்க. அவ அக்கா யட்டியாந்தோட்டையில, அவ இருந்த தோட்டத்துலயே பேர் பதிஞ்சிருக்கான்னு சொல்லச் சொல்லுங்க. மழ நாளாப் பாத்து வரச் சொல்லுங்க. மழைக்கு அக்காவுக்கும் வேல இல்லன்னு, அதையும் சேத்துச் சொல்லச் சொல்லுங்க.”

“நீங்க இன்னம் பேர் பதியல்லையே புள்ள.”

“பதிஞ்சிருவேன்.”

மூன்று மணிக்கு மரத்தடியில் போய் நின்றாள். கொளுத்துகிற வெயிலில் தோளில் கம்பளியைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் கடைவீதியில் நடந்து போனதைப் பார்த்துச் சுமை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். ஒருவன், “அக்காவுக்குக் குளிரு காய்ச்சலு,” என்றான். அப்புஹாமி அவர்களைப் பார்த்து ஏதோ சிங்களத்தில் அதட்டினார். பிறகு கேட்டார்:

“நங்கி ஹம்ப உணாத?”

“பாக்கலீங்க,” என்றாள். “அவ மழைக்கு வருவா.”

பெரிய கங்காணி பெயரை வெட்டுவதற்குள் நிறையப் பேசினார். கப்பல் வாசல் வரைக்கும் வந்து திரும்புகிற கழுதை என்றார். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். வியாழக்கிழமை ஊருக்குப் போகிறவர்கள் மூட்டை முடிச்சோடு பாதையில் இறங்கியபோது அவள் கொழுந்துக் கூடையோடு மேலே நின்று பார்த்தாள். மாதம் முடியப் பத்துச்சீட்டை வாங்கிக்கொண்டு கீழே இறப்பர்த் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாள்.

முப்பத்தாறு வயதில் பால் வெட்டப் பழகுவது லேசில்லை. கொழுந்து கிள்ளிய கை கத்தியை ஆழமாக இறக்கிவிடும், மரத்துக்குக் காயம். கணக்கப்பிள்ளை ஏசுவார். வெள்ளையம்மா கால் ஆறி எழுந்த பிறகு பக்கத்து வரிசையிலிருந்து, “மரம் உங்க மாமியா இல்ல அக்கா, பதமா,” என்று கத்துவாள். அந்தக் குரல் கேட்கிற தூரத்தைத் தாண்டினால் பிறகு பால் சொட்டுகிற சத்தமும் காய் வெடிக்கிற சத்தமும்தான். வெயில் நாட்கள் நீளமாக இருந்தன. சாயங்காலம் காம்பராக் கதவைத் திறந்தால் அடுப்பில் காலையில் விட்ட சாம்பல் இங்கேயும் அப்படியேதான் இருந்தது.

ஐப்பசியில் முதல் மழை பிடித்தது. பெரட்டுக்குப் போன ஆட்கள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். லயம் முழுக்க அடுப்புப் புகையும் பிள்ளைகள் சத்தமும் நிறைந்தது. யாருடைய மாமனோ வந்திறங்கினார். வெள்ளையம்மா காம்பராவில் பலகாரம் சுட்டார்கள்.

மருதாயி கம்பளியைப் போட்டுக்கொண்டு கடைவீதிக்குப் போனாள். நுஹ்மான் நானா ஒன்றும் கேட்காமல் தாவாரத்தில் அடுக்கியிருந்த சாக்கை ஒதுக்கி இடம் விட்டார். அவள் நடுத்தூணில் சாய்ந்துகொண்டாள். பத்து மணிக் கோச்சி ரயிலடியில் வந்து நின்றது. குடை பிடித்தவர்கள் இறங்கினார்கள், சாக்கைத் தலையில் போட்டவர்கள் இறங்கினார்கள், ஒருத்தி இரண்டு பிள்ளைகளோடு இறங்கி மற்றப் பக்கமாகப் போனாள். அடுத்த கோச்சிக்கு நேரம் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மேற்கே வானம் வெளுக்கிற மாதிரி இருந்தது. கூரையிலிருந்து விழுகிற தண்ணீர் நூலாகி, சொட்டாகியது. மருதாயி அண்ணாந்து பார்த்தாள். மழை விடக் கூடாது என்று மாரியம்மாளைக் கும்பிட்டுக்கொண்டாள். இருபத்தாறு வருசம் தேயிலைக் காட்டில் நனைந்தவள், ஒரு நாளும் அவள் அப்படிக் கும்பிட்டதில்லை.